அயோத்திதாசப் பண்டிதர்

அயோத்திதாசப் பண்டிதர் (மே 20, 1845 - மே 5, 1914) தமிழ்நாட்டைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதி, சித்த மருத்துவர், தமிழறிஞர், இதழாசிரியர் ஆவார். இவரது இயற்பெயர் காத்தவராயன். தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட மக்கள் பிறப்பால் தாழ்ந்தவர்கள் அல்லர், தாழ்த்தப்பட்டவர்களே என்பதை நிறுவுவதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். 1891 இல் திராவிட மகாஜன சபையையும், 1898 இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும் தோற்றுவித்தார். 1907 முதல் தம் மறைவு வரை தமிழன் என்ற வார இதழை நடத்தினார். தென்னிந்தியப் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாகவும், திராவிடர் என்ற சொல்லை அரசியல் அடையாளமாகப் பயன்படுத்திய தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார். சென்னையின் தென்புறநகரான தாம்பரத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

காலப் பின்னணி

இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை 1843 ஆம் ஆண்டின் சட்டம் நீக்கியது. அயோத்திதாசர் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னராகும். எனினும் சட்டம் மாறிய அளவுக்கு ஊர்களின் நிலை மாறவில்லை. அக்காலத்தில் சென்னை நகரத்துக்குத் தெற்கே இருந்த பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் முதலிய ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்தில் அடங்கியிருந்தன. சைதாப்பேட்டையே அம்மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாகவும் விளங்கியது.

இம்மாவட்டத்தில் மிராசு முறை வலுவாக இருந்தது. பயிர் நிலத்தில் மட்டுமன்றித் தரிசு நிலத்திலும் மிராசுதாரர்களுக்கே முன்னுரிமை இருந்தது. சேரியைச் சேர்ந்த ஒருவர் தரிசு நிலம் வேண்டித் தர்க்காஸ்து கொடுத்தால், மிராசுதாரர் அந்நிலத்தைத் தாமே எடுத்துக்கொள்ள முடிந்தது. சேரி வீடுகள் அமைந்திருந்த மனைகளும் பெரும்பாலும் மிராசுதாரர்களின் பிடியிலேயே இருந்தன. படியாட்கள் எனப்பட்ட உழவுத் தொழிலாளர்கள் கடனுக்குக் கட்டுப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு உழைத்து வந்தனர். வேலையை விட்டு விலகினால் வீட்டையும் இழக்க நேரும் என்ற நிலை இருந்தது. பொதுக் கிணறு, பள்ளிக்கூடம், கோயில் ஆகியவை இவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்கீர் 1891 ஆம் ஆண்டில் இம்மக்களின் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். வீட்டு மனை, நிலம், பள்ளி ஆகியவற்றை இம்மக்களுக்கு வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வறிக்கையின் தொடர்ச்சியாகச் சென்னை மாகாண அரசு செப்டம்பர் 30, 1892 அன்று 1010 எண்ணிட்ட அரசாணையை வெளியிட்டது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் எனப் பெயர்பெற்ற நிலங்கள் வழங்கப்படுவதற்கு இவ்வாணையே அடிப்படையாக அமைந்தது. அயோத்திதாசரின் பொதுவாழ்வு முனைப்புப் பெற்றதும் இதே ஆண்டுகளிலேயே ஆகும்.

பிறப்பும் கல்வியும்

அயோத்திதாசர் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் கந்தசாமி என்பவரின் மகனாகப் பிறந்தார். இவரது குடும்பம் தமிழ்ப் புலமையிலும் சித்த மருத்துவத்திலும் பயிற்சி பெற்றிருந்தது. பின்னர் இக்குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது.

இவரது பாட்டனார் கந்தப்பன், ஜார்ஜ் ஆரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராகப் பணியாற்றியவர். கந்தப்பன் தம் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடிகளை ஆரிங்டனிடம் கொடுத்தார் என்றும், அவை எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேறக் காரணமாயின என்றும் அயோத்திதாசர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். கல்வி கற்கத் தகுதியற்றவர்கள் எனச் சமூகம் கருதிய மக்களின் வீடுகளில் சுவடிகள் போற்றிப் பாதுகாக்கப்பட்டு வந்தன என்பதற்குச் சான்றாக அவர் இச்செய்தியை முன்வைத்தார்.

காத்தவராயன், வல்லக்காளத்தி அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்பவரிடம் கல்வி பயின்றார். இலக்கணம், இலக்கியம், மருத்துவம், சோதிடம் ஆகியவற்றை அவரிடம் கற்றுத் தேர்ந்தார். ஆசிரியர் மீது கொண்ட மதிப்பின் காரணமாக அவரது பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். தமிழுடன் ஆங்கிலம், வடமொழி, பாளி ஆகிய மொழிகளிலும் இவருக்குப் பயிற்சி இருந்தது.

நீலகிரியில் தொடக்ககாலப் பணிகள்

நீலகிரியில் வாழ்ந்தபோது அயோத்திதாசர் அத்வைதானந்த சபை என்ற அமைப்பை 1870களில் நிறுவினார். அந்நாட்களில் அவர் அத்வைத நெறியில் பற்றுக் கொண்டிருந்தார். எல்லா உயிர்களிலும் இருப்பது ஒரே பரம்பொருள் என்று கூறும் அத்வைதம் சாதி வேற்றுமைக்கு இடம்தராது என்று அவர் நம்பியதாகத் தெரிகிறது. ஆனால் தத்துவத்தில் ஏற்கப்பட்ட சமத்துவம் தெருவிலும் கோயிலிலும் ஏற்கப்படவில்லை என்பதை அனுபவம் அவருக்கு உணர்த்தியது.

பின்னர் இவர் மறைத்திரு ஜான் ரத்தினம் என்ற கிறித்தவப் போதகருடன் இணைந்து செயல்பட்டார். இருவரும் இணைந்து 1885 இல் திராவிட பாண்டியன் என்ற இதழை வெளியிட்டனர். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் குறைகளைத் தாமே அச்சில் எடுத்துரைத்த முதல் முயற்சிகளுள் இவ்விதழும் ஒன்றாகும். தீண்டத்தகாதோர் எனப்படுவோர் இந்துக்கள் அல்லர் என்ற கருத்தை இவர் 1886 இல் அறிவித்தார் எனக் கூறப்படுகிறது.

திராவிட மகாஜன சபை

டிசம்பர் 1, 1891 அன்று நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை அயோத்திதாசர் கூட்டினார். அம்மாநாட்டில் 10 தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன. இவை இந்திய தேசிய காங்கிரசு முதலிய அமைப்புகளின் பார்வைக்கு அனுப்பப்பட்டன. அத்தீர்மானங்களில் இடம்பெற்ற முக்கியக் கோரிக்கைகள் வருமாறு:

- பறையர் என்ற சொல்லை இழிவுப் பொருளில் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் இயற்றுதல்
- ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகளும் கல்வி உதவியும் அளித்தல்
- கல்வி கற்றவர்களுக்கு அரசு வேலைகளில் இடமளித்தல்
- பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தண்ணீர் எடுக்கும் உரிமையை உறுதிசெய்தல்
- அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் தடையின்றி நுழையவும் மற்றவர்களுடன் சமமாக அமரவும் வழிசெய்தல்
- சிறைகளில் இழிவான வேலைகளை இம்மக்களுக்கு மட்டும் ஒதுக்கும் விதியை நீக்குதல்
- ஊர் நிர்வாகப் பதவிகளில் இம்மக்களையும் நியமித்தல்

இக்கோரிக்கைகளின் தன்மை கவனிக்கத்தக்கது. இவற்றுள் பல, அரசு புதிதாக ஒரு சலுகையை வழங்க வேண்டும் என்று கேட்பவை அல்ல. மற்றக் குடிமக்களுக்குக் கேளாமலே கிடைத்து வந்த ஒன்றைத் தமக்கு மறுக்க வேண்டாம் என்று கேட்பவையே ஆகும். சிறைச்சாலை பற்றிய கோரிக்கை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரே குற்றத்துக்காகச் சிறை சென்ற இருவருள், பிறப்பின் காரணமாக ஒருவருக்கு மட்டும் கூடுதல் இழிவு சேர்க்கப்பட்டது. அவ்வாறு செய்தது வழக்கம் மட்டுமன்று, அரசின் எழுதப்பட்ட விதியும் ஆகும்.

1892 விக்டோரியா மண்டப நிகழ்வு

1892 இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சென்னை மகாஜன சபையின் மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டில் நீலகிரியின் பிரதிநிதியாக அயோத்திதாசர் கலந்துகொண்டார். அங்கு நடந்தவற்றைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவரே தமிழன் இதழில் விவரித்துள்ளார்.

சாதி வேறுபாடின்றி எல்லா மக்களும் சிவன் கோயில்களிலும் விஷ்ணு கோயில்களிலும் நுழைந்து வழிபட அனுமதிக்க வேண்டும் என்று அயோத்திதாசர் மாநாட்டில் கோரினார். மற்ற மதத்தவருக்குத் தங்கள் வழிபாட்டிடங்களில் எல்லோரும் சமமாக இருக்கும்போது, இம்மக்களுக்கு மட்டும் ஏன் அது மறுக்கப்படுகிறது என்பது அவரது வினாவாக இருந்தது. உடனே அவையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சிவனும் விஷ்ணுவும் உயர் சாதியினருக்கு உரிய தெய்வங்கள் என்றும், இம்மக்களுக்குக் கருப்பண்ணன், மதுரை வீரன் போன்ற தெய்வங்கள் இருக்கின்றன என்றும் உறுப்பினர் ஒருவர் மறுமொழி கூறினார்.

அவ்வாறாயின் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா என்ற பொருளில் அயோத்திதாசர் விடையளித்தார். உடனே அவர் தம் கோரிக்கையை மாற்றிக்கொண்டார். ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி அளிக்க வேண்டும் என்றும், ஊர்களில் தரிசாகக் கிடக்கும் நிலங்களை அவர்களுக்கு வழங்க வேண்டும் என்றும் கேட்டார். இவ்விரண்டு கோரிக்கைகளையும் மாநாடு ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்வு அயோத்திதாசரின் சிந்தனையில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. கோயில் நுழைவு என்ற கோரிக்கையை அவர் பின்னர் முதன்மைப்படுத்தவில்லை. தம்மை ஏற்க மறுக்கும் சமயத்தின் வாசலில் நின்று இரப்பதைவிட, தம் மக்களுக்கு உரிய சமயமும் வரலாறும் எவை என்று தேடுவதே தகும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பெயரும் அடையாளமும்

ஒரு மக்கட் பிரிவு இழிவாக நடத்தப்படுவது அதற்குச் சூட்டப்படும் பெயரிலிருந்தே தொடங்குகிறது என்பது அயோத்திதாசரின் உறுதியான கருத்தாகும். எனவே பறையர், பஞ்சமர் ஆகிய இரண்டு பெயர்களையும் அவர் ஏற்கவில்லை. பஞ்சமர் என்றால் ஐந்தாவது வருணத்தார் என்று பொருள்படும். அப்பெயரை ஏற்பது நான்கு வருணங்களையும் ஏற்றுக்கொண்டு அவற்றின் கீழே நிற்பதாகும் என்று அவர் வாதிட்டார். சாதி பேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் ஆகிய பெயர்களையே அவர் பயன்படுத்தினார்.

இவ்விடயத்தில் இவருக்கும் மற்றொரு முன்னோடியான இரட்டைமலை சீனிவாசனுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அயோத்திதாசரின் மனைவி தனலட்சுமியின் உடன்பிறந்தவர் ஆவார். அவர் 1893 இல் பறையன் என்ற பெயரிலேயே இதழ் ஒன்றைத் தொடங்கினார். இழிவாகக் கருதப்படும் பெயரை ஒளிக்காமல் உரக்கச் சொல்வதன் மூலமே அவ்விழிவைப் போக்க முடியும் என்பது அவரது நிலைப்பாடு. அப்பெயரே எதிரிகள் சூட்டியது என்பதால் அதனைத் துறக்க வேண்டும் என்பது அயோத்திதாசரின் நிலைப்பாடு. ஒரே குடும்ப உறவில் இருந்த இருவரிடையே நிகழ்ந்த இவ்விவாதம் பிற்காலத்திலும் வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்து வந்துள்ளது. பரங்கிமலையில் பிறந்த எம். சி. ராஜாவின் முயற்சியால் 1922 இல் சென்னை மாகாண அரசு, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது.

அடையாறும் ஆல்காட்டும்

பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882 இறுதியில் சென்னைக்குத் தெற்கே அடையாற்றங்கரையில் அமைந்தது. அச்சபையின் நிறுவனர்களுள் ஒருவரான கர்னல் என்றி ஆல்காட் அமெரிக்காவைச் சேர்ந்தவர். இவர் ஏற்கெனவே இலங்கையில் பௌத்தப் பள்ளிகள் உருவாக உதவியிருந்தார். 1894 இல் அடையாறுக்கு அருகில் உள்ள ஊரூரில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கான இலவசப் பள்ளியை ஆல்காட் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் இத்தகைய பள்ளிகள் அமைந்தன. இப்பள்ளிகள் உருவானதில் அயோத்திதாசருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஊரூர்ப் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளி என்ற பெயரில் பின்னரும் தொடர்ந்தது.

1898 இல் அயோத்திதாசர் தம் ஆதரவாளர்களுடன் ஆல்காட்டைச் சந்தித்தார். தம் முன்னோர் பௌத்தர்கள் என்றும், தாங்கள் மீண்டும் அச்சமயத்துக்குத் திரும்ப விரும்புவதாகவும் தெரிவித்தார். அதன்படி ஆல்காட், அயோத்திதாசரையும் ஆசிரியர் கிருஷ்ணசாமியையும் இலங்கைக்கு அழைத்துச் சென்றார். கொழும்பில் வித்தியோதய பிரிவேனாவின் தலைவராக இருந்த இக்கடுவை சிறி சுமங்கல தேரரிடம் அவர்கள் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தர்கள் ஆயினர். அம்பேத்கர் 1956 இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியதற்கு 58 ஆண்டுகளுக்கு முன்னர் இது நிகழ்ந்தது.

சாக்கிய பௌத்த சங்கம்

இலங்கையிலிருந்து திரும்பிய அயோத்திதாசர் 1898 இல் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இதன் கிளைகள் கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் முதலிய இடங்களில் தோன்றின. குறிப்பாகக் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் கிளை மிகுந்த செயல்பாடு உடையதாக இருந்தது. சுரங்கங்களில் வேலை செய்வதற்காக வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தொழிலாளர்கள் அங்கு பெருமளவில் வாழ்ந்தனர். ஊரின் நிலவுடைமைக் கட்டுப்பாடுகளிலிருந்து விலகி, மாதச் சம்பளம் பெற்ற அவர்களால் சங்கத்துக்கும் இதழுக்கும் பொருளுதவி செய்ய முடிந்தது. பர்மாவின் இரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவின் நாட்டாலிலும் குடியேறிய தமிழர்களிடையேயும் இவ்வியக்கம் பரவியது.

சங்கத்தின் பணிகள் வழிபாட்டுடன் நின்றுவிடவில்லை. வாரந்தோறும் சொற்பொழிவுகள் நடைபெற்றன. பிராமணப் புரோகிதர் இன்றித் திருமணம், பெயர் சூட்டல், ஈமச் சடங்கு ஆகியவற்றைப் பௌத்த முறையில் நடத்துவதற்கு வழிவகுக்கப்பட்டது. பேராசிரியர் பொ. இலட்சுமி நரசு, ம. சிங்காரவேலர் ஆகியோரும் அக்காலச் சென்னைப் பௌத்த இயக்கத்தில் ஈடுபட்டிருந்தனர். இலட்சுமி நரசு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றியவர். அப்போது சென்னை நகரில் இயங்கிய அக்கல்லூரி 1937 இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. இலட்சுமி நரசு பௌத்தத்தைப் பகுத்தறிவு நெறியாக விளக்கினார். அயோத்திதாசரோ அதனைத் தம் மக்கள் இழந்த வரலாறாகவும் கண்டார். இதனால் இருதரப்பினரிடையே கருத்து வேறுபாடுகளும் எழுந்தன.

தமிழன் இதழ்

ஜூன் 19, 1907 அன்று அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழைத் தொடங்கினார். ஏழைகளும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்காக விலையையே இதழின் பெயரில் சேர்த்திருந்தார். ஓராண்டுக்குப் பின்னர் இதழின் பெயர் தமிழன் என மாற்றப்பட்டது. புதன்கிழமைதோறும் வெளிவந்த இவ்விதழ், 1914 இல் அவர் மறையும் வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் தொடர்ந்தது.

அரசியல், வரலாறு, சமயம், இலக்கியம், வேளாண்மை, கைத்தொழில், மருத்துவம், பெண்கல்வி எனப் பல பொருள்களில் இதழில் கட்டுரைகள் இடம்பெற்றன. ஊர்களில் ஒடுக்கப்பட்டோர் படும் துன்பங்கள் செய்திகளாக வெளியிடப்பட்டன. வாசகர்களின் வினாக்களுக்கு அயோத்திதாசரே விடையளித்தார். அரசு நடவடிக்கைகளைப் பாராட்டியும் கண்டித்தும் எழுதினார்.

சுதேசி இயக்கம் வலுவடைந்திருந்த காலம் அது. அயல்நாட்டுத் துணியை விலக்குவோர் தம் ஊரில் வாழும் மக்களைக் கிணற்றிலிருந்து விலக்குவதை ஏன் கைவிடவில்லை என்பதே அயோத்திதாசர் மீண்டும் மீண்டும் எழுப்பிய வினா. 1909 இல் சென்னையில் பிராமணரல்லாதார் பெயரில் ஓர் அமைப்பைத் தோற்றுவிக்கும் முயற்சி நடைபெற்றபோதும் அவர் இதே போன்ற வினாவை எழுப்பினார். பிராமணர்கள் வகுத்த சாதி ஆசாரங்களைக் கடைப்பிடித்துக்கொண்டே தம்மைப் பிராமணரல்லாதார் என அழைத்துக்கொள்வது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டார். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சாதிப் பெயரைக் குறிப்பிடாமல் பௌத்தர் எனப் பதிவு செய்யுமாறு தம் மக்களை வலியுறுத்தினார்.

சித்த மருத்துவப் பணி

அயோத்திதாசரின் வாழ்க்கைத் தொழில் சித்த மருத்துவம் ஆகும். இராயப்பேட்டையில் அவர் மருத்துவம் பார்த்து வந்தார். அவரைப் பண்டிதர் என மக்கள் அழைத்ததற்கு அவரது தமிழ்ப் புலமையுடன் மருத்துவப் புலமையும் காரணமாகும். சித்த மருத்துவத்தில் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்து நோயறிவது இன்றியமையாதது. தீண்டாமை நிலவிய காலத்தில் எல்லாச் சாதியினரும் அவரிடம் மருத்துவம் பெற்று வந்தது குறிப்பிடத்தக்கது.

அவரிடம் மருத்துவம் பெற்றவர்களுள் பின்னாளில் தமிழறிஞராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் விளங்கிய திரு. வி. கலியாணசுந்தரனாரும் ஒருவர். செங்கல்பட்டு மாவட்டம் துள்ளத்தில் 1883 இல் பிறந்த திரு. வி. க., சிறுவயதில் நோயுற்று நடமாட இயலாத நிலையில் இருந்தார். அயோத்திதாசரின் மருத்துவத்தால் நலம்பெற்ற செய்தியைத் தம் வாழ்க்கைக் குறிப்புகள் என்ற நூலில் அவர் பதிவு செய்துள்ளார்.

ஆய்வுகளும் நூல்களும்

பண்டைத் தமிழகம் பௌத்த நாடாக இருந்தது என்றும், அதனைக் கைவிட மறுத்தவர்களே பின்னர் தீண்டத்தகாதோர் ஆக்கப்பட்டனர் என்றும் அயோத்திதாசர் எழுதினார். மறைத்தவற்றை வெளிப்படையாகப் பறைந்தவர்கள், அதாவது எடுத்துச் சொன்னவர்கள், என்பதாலேயே தம் முன்னோர் அப்பெயரால் இகழப்பட்டனர் என்று விளக்கம் தந்தார். இதற்குச் சான்றாகத் தமிழ் இலக்கியங்கள், நிகண்டுகள், வாய்மொழி வழக்குகள், திருவிழாக்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தினார். அவருடைய எழுத்துகளுள் சில:

- புத்தரது ஆதிவேதம்
- இந்திரர் தேச சரித்திரம்
- யதார்த்த பிராமண வேதாந்த விவரம்
- வேஷ பிராமண வேதாந்த விவரம்
- அரிச்சந்திரன் பொய்கள்
- விவாக விளக்கம்

திருக்குறளைத் திரிக்குறள் எனப் பெயரிட்டு, அதனைப் பௌத்த நூலாகக் கொண்டு அவர் எழுதிய உரை தமிழன் இதழில் தொடராக வெளிவந்தது. அவரது மறைவால் அவ்வுரை முற்றுப்பெறாமல் நின்றது.

விமர்சனங்கள்

அயோத்திதாசரின் சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றுக்கு மொழியியல் அடிப்படையில் ஏற்பு இல்லை. அவரது வரலாற்று விளக்கங்களை முழுமையான வரலாறாகக் கொள்ளாமல், இழிவை ஏற்க மறுத்த மாற்று வரலாற்று முயற்சியாகக் கொள்ள வேண்டும் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். ஆங்கில ஆட்சியின் மீது அவர் வைத்த அளவற்ற நம்பிக்கையும் விமர்சிக்கப்பட்டுள்ளது.

இவற்றைவிடக் கடுமையான விமர்சனம் அருந்ததியர் தரப்பு எழுத்தாளர்களிடமிருந்து வந்துள்ளது. தாழ்த்தப்பட்டோர் என்பவர் வேறு, தாழ்ந்தோர் என்பவர் வேறு என்று அயோத்திதாசர் பிரித்தார். தம் சமூகத்தை முதற் பிரிவிலும், சக்கிலியர், குறவர் முதலியோரை இரண்டாம் பிரிவிலும் வைத்தார். அனைவரையும் ஒரே பட்டியலில் அரசு சேர்ப்பதை எதிர்த்தார். தம் மக்கள் மீது சுமத்தப்பட்ட இழிவை மறுத்தவர், அதே இழிவைப் பிறர் மீது விட்டுவைத்தார் என்பது இவ்விமர்சனத்தின் சாரமாகும்.

மறைவும் அதன் பின்னரும்

அயோத்திதாசர் மே 5, 1914 அன்று தமது 68 ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின்னர் அவருடைய மகன் பட்டாபிராமன் தமிழன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். 1926 முதல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் வெளியிட்டார். மாரிக்குப்பம் பௌத்தர்கள் அயோத்திதாசரின் எழுத்துகளைச் சிறு நூல்களாகப் பதிப்பித்துப் பாதுகாத்தனர்.

இருப்பினும் பல பத்தாண்டுகள் தமிழக அரசியல் வரலாற்று நூல்களில் அவரது பெயர் அரிதாகவே இடம்பெற்றது. கோலார் தங்கவயலிலும் சென்னையிலும் தனிப்பட்ட சிலரது வீடுகளில் இருந்த பழைய தமிழன் இதழ்களைக் கொண்டே அவரது சிந்தனைகள் மீட்கப்பட்டன. ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் என்ற நூலின் முதல் இரு தொகுதிகள் 1999 இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தன. இதன் பின்னர் அவரைப் பற்றிய ஆய்வுகள் பெருகின.

அவர் 1892 இல் கேட்ட நிலம் தொடர்பான கேள்வியும் முடிவுக்கு வரவில்லை. பஞ்சமி நிலங்களுள் பல பிறரது கைகளுக்கு மாறின. செங்கல்பட்டை அடுத்த காரணை ஊரில் அந்நிலங்களை மீட்பதற்காக 1994 இல் நடைபெற்ற போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

நினைவுச் சின்னங்கள்

தாம்பரம் சானடோரியம் என்ற பகுதி, மருத்துவர் சௌரி முத்து 1928 இல் அங்கு நிறுவிய காசநோய் மருத்துவமனையால் அப்பெயர் பெற்றது. நோயின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களை ஏற்றுக்கொண்ட இடமாக அது நெடுங்காலம் விளங்கியது. 1990களில் எச்.ஐ.வி. தொற்றுடையோரைப் பல மருத்துவமனைகள் சேர்க்க மறுத்தபோது, அவர்களுக்கு மருத்துவம் அளித்ததும் இம்மருத்துவமனையே ஆகும். அப்பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு 1999 இல் பிரதமர் வாச்பாய் அடிக்கல் நாட்டினார். செப்டம்பர் 3, 2005 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதனைத் திறந்துவைத்தார். நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. புறநகர் மக்கள் பெருமளவில் வந்து செல்லும் இம்மருத்துவமனையில் பட்டமேற்படிப்பும் கற்பிக்கப்படுகிறது.

இந்திய அஞ்சல் துறை 2005 இல் அயோத்திதாசருக்கு நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது. அவரது 175 ஆம் பிறந்தநாளை முன்னிட்டு மணிமண்டபம் அமைக்கப்படும் என்று 2021 இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் சிலையுடன் அமைந்த அம்மணிமண்டபம் டிசம்பர் 1, 2023 அன்று திறக்கப்பட்டது. ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் அடிப்படை வசதிகளை மேம்படுத்துவதற்காக 2023 இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு அரசின் திட்டமும் இவரது பெயரைத் தாங்கியுள்ளது.